எழுத்து உடைகிறது, ஃபான்ட் சிக்கவில்லை, படம் மங்குகிறது: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பங்குனி, சித்திரை பிறந்துவிட்டால் குமரி மாவட்டத்தில் டிசைன் வேலை பார்ப்பவர்களுக்குத் தூக்கம் குறைந்துவிடும். அம்மன் கோயில் கொடை நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பள்ளி ஆண்டு மலர், நடுவில் யாராவது ஒருவருடைய கடைத் திறப்பு பிளக்ஸ். நவம்பர் கடைசியில் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா, அதை ஒட்டிக் கிறிஸ்துமஸ் என்று இன்னொரு சுற்று. இந்த அவசரத்தில்தான் "எழுத்து ஒடஞ்சு போச்சே அண்ணாச்சி" என்று போன் வரும். உடனே எல்லோரும் புது ஃபான்ட் தேடக் கிளம்பிவிடுவார்கள். பெரும்பாலும் ஃபான்டில் கோளாறே இருக்காது. உரை, ஃபான்ட், மென்பொருள், அச்சகம் என்று ஒரு வேலை நான்கு இடம் கடந்து போகிறது. கோளாறு எந்த இடத்தில் என்று பிடித்துவிட்டால் சரிசெய்ய அதிக நேரம் ஆகாது. பிடிக்காமல் தேடினால் விடிய விடிய டவுன்லோடு செய்துகொண்டே இருக்கலாம்.

எதற்கும் முன் இந்த ஒரு சோதனை

சிக்கல் தரும் வரியைக் காப்பி செய்து விண்டோஸ் நோட்பேடில் ஒட்டுங்கள். மூன்றில் ஒன்று நடக்கும். அங்கே தமிழ் ஒழுங்காகத் தெரிந்தால் உரை யூனிகோடு, அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துமுறை; உரையில் குறை இல்லை. உங்கள் மென்பொருளையோ ஃபான்டையோ பாருங்கள். ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தால் அது பழைய குறியாக்கம், அதாவது எழுத்தைக் கணினிக்குள் பதியும் பழைய முறை. தமிழாகத் தெரிந்தும் புள்ளி வட்டமும் தனிக் கொம்புமாக இருந்தால், தட்டச்சிலோ குறியாக்கம் மாற்றியதிலோ பிழை. கீழே உள்ள எல்லா அறிகுறிக்கும் இந்தச் சோதனையை முடித்துவிட்டு வாருங்கள்.

ஃபைலைத் திறந்தால் தமிழே இல்லை, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருக்கிறது

'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று தெரிந்தால் அது பாமினி என்ற பழைய ஃபான்ட். பழைய தமிழ் ஃபான்ட்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்துச் செய்யப்பட்டவை. கணினிக்கு அது ஆங்கிலம்தான். அந்த ஃபான்ட் இருக்கும்வரை நம் கண்ணுக்குத் தமிழ். ஃபான்ட் இல்லாத கணினிக்குப் போனதும் வேஷம் கலைந்துவிடும். வானவில், ஸ்ரீலிபி, டாம், டாப் என்று ஒவ்வொன்றும் தனித்தனி வரிசை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் குறியாக்கங்களும் தமிழ்99 விசைப்பலகையும் தரப்படுத்தப்பட்டன. 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. ஆனால் நம் ஊர் டிடிபி கடைகளின் ஹார்டு டிஸ்கில் அதற்கு முந்தைய வேலைகள் மலைபோல் கிடக்கின்றன. கோயில் வரலாறு, சபை ஆண்டறிக்கை, ஊர்ச் சங்க மலர் எல்லாம் அந்தக் குறியாக்கங்களில்தான் இருக்கின்றன.

முதலில் ஃபைல் கொடுத்தவரிடம் ஃபான்டின் பெயரைக் கேளுங்கள். பெயர் தெரிந்தால் குறியாக்கம் தெரிந்த மாதிரி. பிறகு என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற ஒரு குறியாக்க மாற்றியில் உரையை ஒட்டி, மூலக் குறியாக்கத்தைத் தேர்ந்து யூனிகோடாக மாற்றுங்கள். பெயர் தெரியாவிட்டால் ஒரே ஒரு பத்தியை எடுத்து ஒவ்வொரு குறியாக்கமாகத் தேர்ந்து பாருங்கள். சரியானது வரும்போது படித்தாலே தெரிந்துவிடும்.

மாற்றி முடித்ததும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். மாற்றியின் கண்ணுக்குத் தப்பும் இடங்கள் எப்போதும் ஒன்றேதான். நடுவில் வந்த ஆங்கிலச் சொற்களும் மின்னஞ்சல் முகவரிகளும் அர்த்தமில்லாத தமிழாக மாறியிருக்கும். மேற்கோள் குறிகளும் இடைக்கோடும் வேறு எழுத்தாகியிருக்கும். 'ஸ்ரீ' பிரிந்திருக்கும். அப்புறம் ஔகாரம். பழைய ஃபான்ட்களில் கௌதம் என்ற பெயரை கெ, ள என்று தனித்தனியாக அடிக்கும் பழக்கம் இருந்தது. யூனிகோடுக்கு வந்தபின் அது 'கெளதம்' என்று நிற்கும். பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதால் புரூஃப் பார்ப்பவரும் விட்டுவிடுவார். தேடினால் பெயர் அகப்படாது, அகர வரிசையிலும் இடம் மாறிவிடும். ஔவையார், சௌந்தரம், மௌனம் எல்லாவற்றிலும் இதே கதை. 'ர' வரவேண்டிய இடத்தில் துணைக்காலும், துணைக்கால் வரவேண்டிய இடத்தில் 'ர'வும் இதே வகைதான். கல்யாணப் பத்திரிகை என்றால் பெயர்களை மட்டும் கையால் புதிதாக அடித்துவிடுங்கள். அதில் தப்பு வந்தால் வீட்டுக்காரர்கள் ஆயுளுக்கும் மறக்க மாட்டார்கள்.

வெறும் ஆங்கிலமாக இல்லாமல், தலைமேல் சாய்கோடு போட்ட ஆங்கிலச் சின்ன 'ஏ' எழுத்து திரும்பத் திரும்ப வருகிறதா? அது வேறு கோளாறு. உரை யூனிகோடுதான், திறந்த மென்பொருள் அதைத் தப்பாகப் படித்திருக்கிறது. யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறி மூன்று பைட்டாகப் பதிவாகும். அந்த மூன்றையும் மூன்று தனி எழுத்தாகக் காட்டுவதால்தான் இந்தக் குப்பை. பெயர்ப் பட்டியலை எக்செல்லில் திறக்கும்போது அடிக்கடி வரும். ஃபைலை நேராகத் திறக்காமல், இம்போர்ட் செய்யும்போது குறியாக்கம் யுடிஎஃப்-8 என்று சொல்லிக்கொடுத்தால் போதும்.

எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள்

தேர்ந்த ஃபான்டில் தமிழே கிடையாது, அவ்வளவுதான். கூகுள் ஃபான்ட்ஸில் மொழி வடிகட்டியில் தமிழைத் தேர்ந்துவிட்டுத் தேடுங்கள். அழகான ஆங்கில ஃபான்டைப் பார்த்து ஆசைப்பட்டு அதையே தமிழுக்கும் போட்டால் கட்டம்தான் மிஞ்சும். சில மென்பொருள்கள் கட்டம் காட்டாமல் சத்தமில்லாமல் விண்டோஸின் தமிழ் ஃபான்ட்களான லதாவையோ நிர்மலாவையோ இட்டுவிடும். 'எந்த ஃபான்ட் மாற்றினாலும் எழுத்து அப்படியே இருக்கிறது' என்றால் காரணம் இதுதான்.

கொம்பு எழுத்துக்குப் பின்னால் நிற்கிறது, புள்ளி தனியாக மிதக்கிறது

நோட்பேடில் சரியாக இருந்து டிசைன் மென்பொருளில் மட்டும் 'கொடை' என்பது க-வுக்குப் பின் கொம்பாகத் தெரிந்தால், குற்றவாளி மென்பொருள். யூனிகோடில் முதலில் க, அதன் பின்தான் ஒகரக் குறி. கொம்பை முன்னால் தள்ளி, காலைப் பின்னால் வைத்துக் காட்டும் வேலையை மென்பொருள் செய்ய வேண்டும். அந்த அறிவு இல்லாத பழைய பதிப்புகளில் எந்த ஃபான்டைப் போட்டாலும் உடையும்.

பக்கம் அமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கர் யூனிகோடு அறியாதது. 2001-இல் வந்த 7-ஆம் பதிப்போடு அதன் காலம் முடிந்தது. அதில் யூனிகோடு தமிழுக்கு வழி தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம். போட்டோஷாப் 7 போன்ற பழைய பதிப்புகளும் அப்படியே. கோரல்டிராவில் எக்ஸ்6 பதிப்பில், 2012-இல், இந்திய எழுத்துகளைக் கையாளும் வசதி வந்தது. அதற்கு முந்தைய பதிப்பை இன்னும் வைத்திருப்பவர்களுக்குத்தான் சிக்கல்.

இல்லஸ்ட்ரேட்டரில் வசதி உண்டு, ஆனால் தூங்கிக்கொண்டிருக்கும். பிரிஃபரன்சஸ், டைப் பகுதியில் 'ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். பிறகு பேராகிராஃப் பேனலின் மெனுவில் 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்' என்று தொடங்கும் கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். இன்டிசைனில் பேராகிராஃப் பேனல் மெனுவிலேயே 'அடோபி வேர்ல்டு-ரெடி பேராகிராஃப் கம்போசர்' இருக்கிறது. அதைப் பேராகிராஃப் ஸ்டைலில் பதிந்து வைத்தால் ஒவ்வொரு பத்திக்கும் தனியாகச் செய்ய வேண்டாம். போட்டோஷாப்பின் 2022-க்கு முந்தைய பதிப்புகளில் பிரிஃபரன்சஸின் டைப் பகுதியில் டெக்ஸ்ட் என்ஜினை 'வேர்ல்டு-ரெடி' என்று மாற்றிவிட்டு மூடித் திறங்கள். சில பதிப்புகளில் இதே தேர்வு 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்' என்ற பெயரில் இருக்கும். பழைய டெக்ஸ்ட் லேயர் பழைய அமைப்பிலேயே நிற்கக்கூடும் என்பதால் உரையைப் புது லேயரில் ஒட்டிப் பாருங்கள்.

பழைய பதிப்பை மாற்றப் பணம் இல்லை என்றால் இன்க்ஸ்கேப் இருக்கிறது. இலவசம், திறமூலம், தமிழை உடைக்காமல் காட்டும். தலைப்புகளை மட்டும் இன்க்ஸ்கேப்பில் அமைத்து, பாத் மெனுவில் 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுத்து, எஸ்விஜியாகவோ பிடிஎஃபாகவோ சேமித்துப் பழைய கோரலுக்குள் கொண்டுவரலாம். அப்போது அது எழுத்தாக இல்லாமல் வடிவமாக வருவதால் உடைய வழியே கிடையாது. பத்து பக்கச் சிறுநூலுக்கு இது ஒத்துவராது; நோட்டீஸுக்கும் பிளக்ஸுக்கும் தாராளமாகப் போதும். நூலாக வேண்டும் என்றால் ஸ்கிரைபஸ் 1.6-ஐப் பாருங்கள். அதுவும் இலவசம்தான்.

நோட்பேடிலேயே புள்ளியிட்ட வட்டம் தெரிந்தால் அடித்த வரிசை தப்பு. பாமினியிலும் டைப்ரைட்டரிலும் கொம்பை முதலில் அடித்துப் பழகிய கை, யூனிகோடிலும் அப்படியே அடிக்கும். எழுத்தில்லாமல் கொம்பு மட்டும் வந்தால் கணினி வட்டம் போட்டுக் காட்டும். கையை மாற்ற முடியாவிட்டால் என்.எச்.எம். ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளில் உங்கள் பழைய விசைமுறையையே தேர்ந்துகொண்டு யூனிகோடில் அடியுங்கள். புதிதாகத் தொடங்கும் பிள்ளைகளுக்கு நான் தமிழ்99-ஐத்தான் சொல்லிக்கொடுப்பேன். ஒரு வாரம் கை தடுமாறும், பிறகு வேகம் தானாக வரும்.

ஃபான்டை நிறுவியும் பட்டியலில் காணவில்லை

விண்டோஸ் 10, 11-இல் இரட்டைக் கிளிக் செய்து நிறுவினால் அந்த ஒரு பயனருக்கு மட்டும் போகக்கூடும். சில மென்பொருள்கள் அந்த இடத்தை எட்டிப் பார்ப்பதில்லை. ஃபைலில் வலது கிளிக் செய்து 'இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்' கொடுங்கள். மென்பொருளை மூடித் திறங்கள்.

பட்டியலில் வருகிறது, ஆனால் மெலிது, தடிமன் எல்லாம் ஒன்றுபோல இருக்கிறதா? நீங்கள் நிறுவியது வேரியபிள் ஃபான்ட். எல்லாத் தடிமனும் ஒரே ஃபைலுக்குள் இருக்கும். பழைய மென்பொருளுக்கு அதைப் பிரிக்கத் தெரியாது. கூகுள் ஃபான்ட்ஸில் இறக்கிய ஜிப்பைப் பிரித்தால் பல நேரம் உள்ளே 'ஸ்டாட்டிக்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். வேரியபிள் ஃபைலை நீக்கிவிட்டு அதிலிருந்து வேண்டியவற்றை மட்டும் நிறுவுங்கள்.

எல்லா நோட்டீஸும் ஒரே முகமாக இருக்கிறது, வேறு ஃபான்ட் எங்கே தேடுவது?

நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம்வரை பஸ்ஸில் போனால் சுவரில் ஒட்டியிருப்பவற்றில் பாதி ஒரே தடித்த எழுத்தில்தான் இருக்கும். துக்கச் செய்தியும் தள்ளுபடி விற்பனையும் ஒரே குரலில் பேசினால் எப்படி? நல்ல தமிழ் ஃபான்ட் இல்லாத காலம் போய்விட்டது. இன்று கூகுள் ஃபான்ட்ஸில் மட்டுமே கைநிறைய இருக்கின்றன, எல்லாம் சட்டப்படி இலவசம். தேடுவதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த வேலை எந்தத் தூரத்திலிருந்து, யாரால் படிக்கப்படும்?

நீளமாகப் படிக்க வேண்டிய மலர், அறிக்கை, தல வரலாறு என்றால் நோட்டோ செரிஃப் தமிழ் அல்லது டைரோ தமிழ். இரண்டிலும் எழுத்துக்குள் தடிப்பும் மெலிவும் மாறிமாறி வருவதால் பத்தி சோர்வு தராது. என் விருப்பம் டைரோ தமிழ். பழைய ஈய அச்சுப் புத்தகத்தைப் படித்த கண்ணுக்கு அது உடனே பிடிக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்க காலத்திலேயே லண்டன் மிஷன் அச்சுக்கூடம் இயங்கிய ஊர் நாகர்கோவில். பக்கம் நன்றாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இந்த ஊருக்கு இருப்பதில் நியாயம் உண்டு.

விலைப்பட்டியல், விண்ணப்பம், லேபிளின் பின்பக்கம் போன்ற சின்ன எழுத்துக்கு முக்த மலர், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ். கோடுகள் தெளிவு, ஆறேழு பாயின்டிலும் சுழி அடைபடாது. மார்த்தாண்டம் தேன் பாட்டில் லேபிளில் உணவுப் பாதுகாப்பு விவரம் முழுக்கப் பொடி எழுத்தில்தான் வரும். அங்கே அலங்கார ஃபான்ட் போட்டால் யாராலும் படிக்க முடியாது.

தலைப்புக்கு வந்தால் பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கட்டமரன் 9 தடிமன்களில் கிடைக்கிறது. மிகத் தடித்த அளவில் பிளக்ஸுக்கு அருமை, மிக மெலிந்த அளவில் நகைக்கடை அழைப்பிதழுக்கு நன்றாக இருக்கும். அனெக் தமிழுக்குத் தடிமனோடு அகலமும் கூட்டிக் குறைக்கலாம். நம் ஊர்ப் பெயர்களை நினைத்துப் பாருங்கள். 'அகஸ்தீஸ்வரம்', 'பத்மநாபபுரம்' இரண்டையும் ஒரே வரியில் அடக்க எழுத்தைப் பக்கவாட்டில் இழுத்துச் சுருக்குவதுதான் வழக்கம். சுருக்கினால் செங்குத்துக் கோடு மட்டும் மெலிந்து எழுத்து கோணலாகும். அனெக்கின் ஒடுங்கிய வடிவம் ஒடுக்கமாகவே வரையப்பட்டது, அதனால் கோணாது.

குழந்தைகள் சார்ந்த வேலைக்கு பலூ தம்பி, காய்னி. கையெழுத்துச் சாயலுக்குத் தாரிக் அஸீஸின் கவிவனார். அவரே செய்த பவனம் அமைதியான முகம் கொண்டது. இவை எல்லாமே 'ஓபன் ஃபான்ட் லைசென்ஸ்' எனும் திறந்த உரிமத்தில் வருகின்றன. கட்டணம் வாங்கிச் செய்யும் வேலைக்கும், லோகோவுக்கும், புத்தகத்துக்கும் தயங்காமல் பயன்படுத்தலாம். ஃபான்டை மட்டும் தனியாக விலைக்கு விற்கக் கூடாது.

தமிழ் இணையக் கல்விக்கழகமும் யூனிகோடு ஃபான்ட்களை இலவசமாகத் தருகிறது. அரசு சார்ந்த வேலை செய்பவர்கள் அங்கே ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். இருபது ஃபான்ட் இறக்கி வைப்பதைவிட மூன்றை எடுத்து அவற்றின் 'ழ', 'ஜ', 'ணு', 'ஸ்ரீ', 'ஞூ' ஆகியவற்றைப் பெரிதாக்கிப் பார்ப்பது பயன் தரும். வடிவமைத்தவர் எவ்வளவு அக்கறையாக உழைத்தார் என்பது இந்த அரிய எழுத்துகளில்தான் தெரியும். 'ஸ்ரீ'-யை முக்கியமாகச் சோதியுங்கள். யூனிகோடில் அதை அடிக்க இரண்டு வழி இருப்பதால், ஒரு வழியில் அடித்தது சில ஃபான்ட்களில் சேர்ந்த வடிவமாக வராது. கோயில் நோட்டீஸின் முதல் வரியே 'ஸ்ரீ'-யில்தானே தொடங்குகிறது!

தமிழும் மலையாளமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று பெரிதாக, ஒன்று சின்னதாக

களியக்காவிளை, குழித்துறைப் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் அன்றாடம். ஒரே பாயின்ட் அளவு கொடுத்தாலும் இரண்டு எழுத்தின் உயரமும் கனமும் ஒத்துப்போகாது. கண்ணால் கூட்டிக் குறைப்பதைவிட, ஒரே குடும்பமாக வரையப்பட்டவற்றை எடுப்பது எளிது. பலூ குடும்பத்தில் தமிழுக்குத் தம்பி, மலையாளத்துக்குச் சேட்டன். அனெக்கிலும் நோட்டோவிலும் இரண்டு மொழிக்கும் இணையான ஃபான்ட் உண்டு. ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங் அமைப்பின் மீரா மலையாள ஃபான்டுக்குத் தமிழ்த் துணையாக மீரா இனிமை இருக்கிறது. பத்திக்கு இந்த இணை அழகாக உட்காரும். மலையாளத்தில் கூட்டெழுத்துகள் அதிகம் என்பதால், தமிழ் உடையாத மென்பொருளிலும் மலையாளத்தைத் தனியாக ஒருமுறை, அந்த மொழி படிக்கத் தெரிந்தவரிடம் காட்டிவிடுங்கள்.

"பழைய போர்டில் இருக்கிற அதே எழுத்து வேணும்"

தாத்தா காலத்துக் கடைப் பலகையின் போட்டோவைக் காட்டி இப்படிக் கேட்பார்கள். படத்தை வைத்து ஆங்கில ஃபான்டைக் கண்டுபிடிக்கும் கருவிகள் தமிழுக்கு உதவுவதில்லை. கையில் பிடிஎஃப் இருந்தால் மட்டும் வேலை சுலபம்: அக்ரோபேட் ரீடரில் கன்ட்ரோல், டி அழுத்தி ஃபான்ட்ஸ் பகுதியைப் பாருங்கள், பெயர் அங்கேயே இருக்கும். எழுத்தை வடிவமாக மாற்றி, அதாவது அவுட்லைன் ஆக்கி வைத்த பிடிஎஃப் என்றால் அதுவும் வெறுமையாக இருக்கும்.

பலகையில் 'ணை', 'லை', 'னை' துதிக்கை போட்ட பழைய வடிவில் இருந்தால், அது 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முந்தைய மரபு. 'றா', 'ணா', 'னா' போன்றவற்றுக்கும் அப்போது தனி வடிவம் இருந்தது. இன்றைய ஃபான்ட்களில் பெரும்பாலானவற்றில் இவை கிடையாது. அந்தப் பலகையைப் பெயின்டர் ஒருவர் கையால் எழுதியிருப்பார், அது எந்த ஃபான்டும் இல்லை. நேராக நின்று எடுத்த தெளிவான போட்டோவை இன்க்ஸ்கேப்பில் வைத்து, பென் கருவியால் எழுத்துகளின் ஓரத்தை நீங்களே வரையுங்கள். ஒரு கடைப் பெயரில் பத்து எழுத்துகூட இருக்காது. ஒரு சாயங்கால வேலை. தானாக டிரேஸ் செய்யும் வசதியை நம்ப வேண்டாம், பெயின்ட் உதிர்ந்த இடத்தையும் சேர்த்து வரைந்துவிடும். கோட்டாறு, தக்கலை, குளச்சல் கடைத்தெருக்களில் இன்னும் மிஞ்சியிருக்கும் இந்தப் பலகைகளை எல்லாம் யாராவது படமெடுத்துச் சேர்த்து வைக்க வேண்டும் என்பது என் ஆசை. ஒவ்வொரு கடையும் புதுப்பிக்கப்படும்போது ஒரு நல்ல எழுத்து வடிவம் குப்பைக்குப் போகிறது.

பழைய அச்செழுத்துக்கு மாதிரி தேடினால், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஸ்கேன் செய்த பழைய நூல்களின் தலைப்புப் பக்கங்களைப் பாருங்கள். பார்த்து வரையக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பாடம் கிடையாது.

போல்டு கொடுத்தால் சுழி அடைகிறது. வரியின் மேல்பக்கம் வெட்டுப்படுகிறது

ஃபான்டில் உண்மையான போல்டு இல்லாதபோது மென்பொருள் ஓரத்தை ஊதிப் போலித் தடிமன் உண்டாக்கும். ண, ழ, ஜ மூன்றும் முதலில் அடைபடும். பல தடிமன் உள்ள குடும்பத்தை எடுங்கள். வெட்டுப்படுவதற்குக் காரணம் வரி இடைவெளி. தமிழில் மேலே 'கீ', கீழே 'கூ' என்று இரண்டு பக்கமும் எழுத்து நீள்கிறது. ஆங்கிலத்துக்கு வைத்த இடைவெளி போதாது. எழுத்தளவைப்போல் ஒன்றரை மடங்கில் தொடங்கிக் குறைத்து வாருங்கள்.

நம் கணினியில் சரி, அச்சகத்தில் எழுத்து மாறிவிட்டது

அங்கே அந்த ஃபான்ட் இல்லை. 'கர்வ் பண்ணி அனுப்புங்க' என்று அவர்கள் கேட்பது இதனால்தான். கர்வ் என்றால் எழுத்தை வடிவமாக மாற்றுவது: கோரலில் கன்ட்ரோல், கியூ. இல்லஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஓ. கர்வ் செய்த பிறகு எழுத்தைத் திருத்த முடியாது, ஆகவே திருத்தக்கூடிய பிரதியை வேறு பெயரில் முதலில் சேமியுங்கள். பல பக்கப் புத்தகமாக இருந்தால் கர்வ் தேவையில்லை, ஃபான்ட் உட்பொதித்த பிடிஎஃப் போதும்.

ஆப்செட்டில் பொடி எழுத்தின் ஓரத்தில் வண்ண நிழல் அடித்து, புள்ளிகள் மங்கித் தெரிகிறதா? உங்கள் கறுப்பு நான்கு மையும் கலந்த கறுப்பாக இருக்கிறது. திரைக்கான நிறமுறையான ஆர்ஜிபியில் செய்த டிசைனை, அச்சு மைக்கான சிஎம்ஒய்கேவுக்கு மாற்றும்போது இப்படித்தான் ஆகும். நான்கு பிளேட்டும் மயிரிழை விலகினாலும் 'க்' 'க' மாதிரி ஆகிவிடும். உரை எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும் நூறு சதவீதம், மற்ற மூன்றும் பூஜ்யம் என்று வையுங்கள்.

திரையில் தோவாளைக் கேந்திப் பூ மாதிரி பளிச்சென்று இருந்த ஆரஞ்சு அச்சில் செங்கல் நிறமாக வந்தால் அதுவும் ஆர்ஜிபி கோளாறுதான். தொடங்கும்போதே சிஎம்ஒய்கேவில் தொடங்குங்கள், அந்த நிறம் மையில் எப்படி வரும் என்று முன்கூட்டியே தெரியும்.

படம் மங்குகிறது, நல்ல படமும் கிடைக்கவில்லை

வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கிப்போகும். 'டாக்குமென்ட்' என்று இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். ஏ4 முழுப் பக்கம் 300 டிபிஐயில், அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளியில் அச்சாக 2480-க்கு 3508 பிக்சல் வேண்டும். 10-க்கு 8 அடி பிளக்ஸுக்கு 72 டிபிஐ போதும், அதற்கே 8640-க்கு 6912 பிக்சல் ஆகும். சின்னப் படத்தைப் பெரிதாக்கிக் கணக்கை ஒப்பேற்றினால் மங்கல்தான் பெரிதாகும்.

இணையத் தேடலில் கண்ட படத்தை எடுத்துப் போடுவது நம் தொழிலில் சகஜமாகிவிட்டது. அந்தப் படத்தையும் நம்மைப் போல ஒருவர் வெயிலில் நின்று எடுத்திருப்பார். இந்தியச் சட்டப்படி ஒரு போட்டோவுக்கு, எடுத்தவரின் ஆயுள் முழுவதும், அவருக்குப் பின் 60 ஆண்டும் பதிப்புரிமை உண்டு. திருவள்ளுவர் சிலையை வைத்துப் பாருங்கள். 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட அந்த 133 அடிச் சிலையைச் செய்தவர் கணபதி ஸ்தபதி. பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் சிற்பத்தைப் படமெடுக்கவும் வரையவும் வெளியிடவும் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆகவே நீங்களே எடுத்த படத்தைத் தாராளமாகப் போடலாம். இன்னொருவர் எடுத்த படம் அவருடையது, அவரைக் கேட்க வேண்டும். கடற்கரைக்கு ஒரு மணி நேரத்தில் போய்வரக்கூடிய ஊரில் இருந்துகொண்டு அடுத்தவர் படத்துக்கு ஏன் ஆசைப்பட வேண்டும்? காலை வெளிச்சத்தில் ஒரு நடை போய்ச் சிலை, பாறை, படகு, வலை, பனை என்று எடுத்து வைத்தால் வருடக்கணக்கில் உதவும்.

வெளியிலிருந்து வேண்டும் என்றால் விக்கிமீடியா காமன்ஸ். ஒவ்வொரு படத்துக்கும் கீழே உரிமம் எழுதியிருக்கும். 'சிசி' என்பது கிரியேட்டிவ் காமன்ஸ் எனும் திறந்த உரிமம். 'சிசி பை' என்றால் எடுத்தவர் பெயரைப் போட வேண்டும். 'சிசி பை எஸ்ஏ' என்றால் அதோடு, படத்தை மாற்றிச் செய்ததை அதே உரிமத்தில் தர வேண்டும். கம்பெனி லேபிளுக்கு இது தொல்லை. 'சிசி ஜீரோ' என்றால் நிபந்தனையே இல்லை. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017-இலும், அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் 2020-இலும் தங்கள் சேகரிப்பில் லட்சக்கணக்கான படங்களை 'சிசி ஜீரோ'வில் திறந்துவிட்டன. துணி வேலைப்பாடு, உலோகச் சிற்பம், பழைய ஓவியம் என்று நகைக்கும் புடவைக்கும் டிசைன் செய்பவர்களுக்கு அவை பெரிய களஞ்சியம்.

செடி கொடி வரையப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டச்சுக்காரர் வான் ரீட் மலபாரின் தாவரங்களை வரையவைத்து 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளியிட்ட ஹோர்டஸ் மலபாரிக்கஸ், பல்லுயிர் மரபு நூலகத்தின் இணையதளத்தில் ஸ்கேனாகக் கிடைக்கிறது. பதிப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்தது. முதல் தொகுதியிலேயே தென்னை, கமுகு, பனை. கருப்பட்டி, பதநீர், ஈத்தாமொழித் தேங்காய் எண்ணெய், கிராம்பு என்று நம் மாவட்டத்துப் பொருளுக்கு லேபிள் செய்பவர்கள் எங்கிருந்தோ வந்த வெளிநாட்டுப் பனைமரத்தைப் போடுவதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. நம் பனையின் ஓலை விசிறிபோல் விரிந்திருக்கும். கடற்கரைப் பின்னணிக்காக விற்கும் கிளிப்-ஆர்ட் மரங்கள் பெரும்பாலும் தென்னை வகையின் இறகு ஓலைதான். ஹோர்டஸின் கோட்டோவியத்தைப் பெரிதாக ஸ்கேன் அளவில் இறக்கி, போட்டோஷாப்பின் லெவல்ஸ் கொண்டு தாளின் பழுப்பை நீக்கி, இன்க்ஸ்கேப்பில் டிரேஸ் செய்யுங்கள். பழைய பலகை எழுத்துக்குச் சரிவராத தானியங்கி டிரேஸ், இந்தச் சுத்தமான செதுக்குக் கோடுகளுக்கு நன்றாகவே வேலை செய்யும்.

"இலவசம்" என்று எடுத்த ஃபான்டுக்கு நோட்டீஸ் வந்துவிடுமோ?

'ஆயிரம் தமிழ் ஃபான்ட், ஒரே ஜிப்' என்று சுற்றுபவற்றில் பணம் கொடுத்து வாங்க வேண்டிய ஃபான்ட்களும் கலந்திருக்கும். வைரஸ் பயம் தனி. 'பெர்சனல் யூஸ்' என்று போட்டிருந்தால் உங்கள் வீட்டு பிறந்தநாளுக்குப் போடலாம், வாடிக்கையாளர் வேலைக்குப் போடக் கூடாது. சந்தேகமாக இருந்தால் விண்டோஸில் ஃபான்ட் ஃபைலின் பிராப்பர்ட்டீஸில் டீட்டெயில்ஸ் பகுதியைத் திறந்து காப்பிரைட் வரியைப் படியுங்கள். செய்தவர் பெயர் பெரும்பாலும் இருக்கும். ஜிப்புக்குள் உரிமம் எழுதிய டெக்ஸ்ட் ஃபைல் இருந்தால் அதை அழிக்காமல், டிசைன் ஃபைலோடு அதே ஃபோல்டரில் வையுங்கள். படங்களுக்கும் அப்படியே: எங்கே எடுத்தது, யாருடையது, என்ன உரிமம் என்று ஒரு வரி குறித்துப் போடுங்கள். அடுத்த வருடக் கொடைக்கு அதே கமிட்டி வந்து "போன தடவை போட்ட மாதிரியே போடுங்க" என்று கேட்கும்போது, ஃபான்டையும் படத்தையும் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்காது.